பெயர் தெரியாத பெண்

அடையாற்றங்கரையில் அந்தக் காலத்து ஜமீன்தார் ஒருவர் நான்கு கோபுரம் வைத்துக் கட்டிய கோட்டை, இப்போது வட்டார அலுவலகம். கட்டிய நாள் முதல் எந்தப் படையும் அதை முற்றுகையிட்டதில்லை. மனு கொடுக்க வரும் சனம்தான் தினமும் முற்றுகையிடுகிறது.

அன்று பாஞ்சாலி மூன்றாவது முறையாக வந்திருந்தாள். கோட்டைக்குப் பின்னால், ஆற்றோரம் அவள் தெரு. அதை இடிக்கப் போகிறார்கள். இரண்டாயிரத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதாக அன்று மாலைக்குள் சான்று வாங்கினால் பக்கத்திலேயே வீடு. இல்லாவிட்டால் முப்பது கிலோமீட்டர் தள்ளி. அவளிடம் இருந்த காகிதங்களையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

அதிகாரி சந்திரமௌலிக்கு நேரமில்லை. கோட்டையின் பெருமையைச் சொல்லும் புகைப்படக் கண்காட்சி நான்கு மணிக்குத் திறப்பு. அதற்கென்றே பட்டு வேட்டியில் வந்திருந்தார். ஆதாரமில்லாமல் ஆண்டவனே வந்தாலும் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டு, படங்கள் நேராகத் தொங்குகின்றனவா என்று பார்க்கப் போனார். பாஞ்சாலியும் பின்னாலேயே போனாள்.

ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள். கோட்டை வாசலில், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஓர் இளம்பெண். கீழே அட்டையில், ‘பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண், 1996’. ஆய்வு செய்து உறுதிப்படுத்தியவர் என்று சந்திரமௌலியின் கையெழுத்து, முத்திரையோடு.

“இது நான்தான் சார்.”

அப்படி யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் அவர்.

பாஞ்சாலி முன்கையைப் படத்தருகே நீட்டினாள். அந்தக் கையிலும் இந்தக் கையிலும் பச்சை குத்திய அதே நான்கு எழுத்து.

“பேரு கையிலயே கீது. ஆராய்ச்சி பண்ணவருக்குப் படிக்கத் தெரியாதா இன்னா?”

வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்ற சத்தம். சந்திரமௌலியின் முகம் சட்டென்று மலர்ந்தது. திறப்பு விழாவில் அவள் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், பொன்னாடை உண்டு என்றார். முதலில் சான்று, அப்புறம் நிற்கிறேன் என்றாள் பாஞ்சாலி. ஆதாரங்களின் பட்டியலில் புகைப்படம் இல்லையே என்று இழுத்தார்.

“சரி. வர்ற பெரியவர்கிட்ட என் கைய காட்டிப் படிக்கச் சொல்றேன்.”

பேனா வெளியே வந்தது. முத்திரையைக்கூட அவரே ஓடிப்போய் எடுத்துவந்து குத்தினார்.

விழாவில், இந்தப் பெண்ணை ஓராண்டு தேடி அலைந்து கண்டுபிடித்ததாகச் சந்திரமௌலி பேசினார். பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தக் குனிந்தவரிடம் பாஞ்சாலி மெதுவாகச் சொன்னாள்:

“வெளிய எங்க தெருக்காரங்க நாப்பது பேரு நின்னுகினு கீறாங்க சார். அவங்களையும் ஒரு போட்டோ புடிச்சு மாட்டி வையுங்க. முப்பது வருசம் கழிச்சாவது நம்புவீங்க.”