செவலைக்கு நாலாவது ஊசி

எனக்குக் கைராசி இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ரிட்டயரான பஸ் கண்டக்டர்தான். பதினெட்டு வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் அலைகிறேன். மழையில் சறுக்கி விழுந்திருக்கிறேன். உதை வாங்கி, முட்டி வீங்கி, ஒரு வாரம் படுத்தும் கிடந்திருக்கிறேன். அந்த வார்த்தையை மட்டும் யாரும் சொன்னதில்லை. மூன்று ஊசி போட்டும் அவர் வீட்டுப் பசு செவலை மறுபடி பருவத்துக்கு வந்து, தொழுவமே அதிரக் கத்திக்கொண்டு நின்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவதானமாக ஆரம்பித்தார்.

“உங்களைத் தப்பு சொல்லலை ஊசிக்காரம்மா. சில பேருக்குக் கைராசி அமையும், சில பேருக்கு அமையாது. அவ்வளவுதான்.”

“மூஞ்சியில அறைஞ்சிட்டு, தப்பு சொல்லலைன்னா எப்படி?” என்றேன்.

முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனை பேர் கத்தலைக் கேட்டிருப்பார், என் கத்தல் எந்த மூலைக்கு? மாட்டு வியாபாரியிடம் பேசிவிட்டதாகவும், அடுத்த வாரம் வண்டி வருமென்றும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சினை நிற்காத மாட்டை அந்த வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே போனால் திரும்பி வருவதில்லை.

அவர் மனைவி என் கையைப் பிடித்து அடுக்களைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். செவலையைப் பெற்ற மாடு பிரசவத்திலேயே செத்துப்போனது. புட்டியில் பால் புகட்டி, சாக்கைப் போர்த்தி வளர்த்தது இந்த அக்காதான். முதல் கன்று போட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, பாலும் வற்றிப்போனது.

“எப்படியாச்சும் பண்ணு தங்கச்சி. அவ அந்த வண்டியில ஏறுறதைப் பார்க்க என்னால முடியாது. அவரு பிடிச்சா பிடிச்ச பிடிதான், உனக்கே தெரியும்.”

வந்த அழுகையை மறைக்கக் கோபப்பட்டேன். எனக்கு அது சுலபம்.

“ஊசி என்ன மந்திரமாக்கா? தள்ளுங்க, மாட்டைப் பார்க்கணும்.”

அப்போதுதான் செவலையைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று தடவையும் வந்த கையோடு கையுறையை மாட்டி, முழங்கை வரை உள்ளே விட்டுத் தேடியிருக்கிறேன். கருப்பை சுத்தம், பருவத்தில் வழிகிற வழும்பு கண்ணாடி மாதிரி, நேரம் சரி, விந்துக் குச்சி சரி. உள்ளே அத்தனையும் பார்த்தவள் வெளியே நின்று அவள் முதுகைப் பார்க்கவே இல்லை. இப்போது தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. வாலடியில் இரண்டு பக்கமும் கொழுப்பு மெத்தை போட்டிருந்தது. பக்கத்து மாடு சாதாரண மாடாக நிற்க, இவள் மட்டும் கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மா மாதிரி நின்றாள்.

“என்ன தீனி போடுறீங்க?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

கண்டக்டர் வெளியே வந்தார். தொழுவத் தூணில் ஓர் அட்டை தொங்கியது. காலை இரண்டு கிலோ தீவனம், மாலை இரண்டு கிலோ. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக், ஒரு கையெழுத்து. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

“என் அளவு தப்பாது,” என்றார்.

“இந்த அளவுல இவ்வளவு கொழுப்பு ஏறாது.”

“காத்தைக் குடிச்சு ஏறியிருக்கும்.”

வாக்குவாதத்தை அவரிடமே விட்டுவிட்டுச் சாணத்தைப் பார்க்கப் போனேன். கூழாக இருந்தது, புளித்த நாற்றம். ஒரு குச்சியால் கிளறினேன். செரிக்காத சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. கூடவே ஏதோ மினுங்கியது. கழுவிப் பார்த்தால், விரல் நகம் அளவுக்கு பிஸ்கட் உறையின் துண்டு, பொன்னிறத்தில். அதைக் கொண்டுபோய் அந்த அட்டையின் மேலேயே வைத்தேன்.

“இதுக்கு எங்க டிக் போட்டிருக்கீங்க?”

கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, “யாரு?” என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் வீடு முழுக்கக் கேட்டது.

முதலில் மகள் வந்தாள். மழலையர் பள்ளியில் டீச்சர். குழந்தைகள் மிச்சம் வைக்கிற ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே செவலைக்குக் கொடுத்துவிடுவாளாம். “தினமும் ஒரு பைதான் சித்தி,” என்றாள். அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். அதில் ஒரு குழந்தையையே உட்கார வைக்கலாம்.

அடுத்து அக்கா தலையைக் குனிந்துகொண்டு, மதியம் சோறு கொஞ்சம் கூட வடிப்பதாக ஒப்புக்கொண்டார். கொஞ்சம் என்றால் ஒரு குண்டான்.

“எனக்குத் தெரியாம இத்தனை நடக்குதா இந்த வீட்ல?” என்றார் கண்டக்டர்.

“நீங்க மட்டும் என்னவாம்?” என்று அக்கா நிமிர்ந்தார். “சாயங்காலம் டிக் போட்டுட்டு, ரெண்டு கை புண்ணாக்கு எடுத்துட்டுப் போறீங்களே, அது யாருக்கு? உங்களுக்கா?”

கண்டக்டருக்குக் காது சிவந்தது. “அது கொசுறு,” என்றார். “கொசுறை யாரும் கணக்குல எழுதுறதில்லை.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறு நிமிஷமே என் மேலங்கிப் பையில் இருந்த வெல்லக் கட்டிகள் நினைவுக்கு வந்தன. ஊசி போடும்போது ஆடாமல் நிற்கட்டும் என்று, வரும்போதெல்லாம் நானும் நாலு கட்டி கொடுத்திருக்கிறேன். ஆக நாலாவது குற்றவாளி நான். அதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு உறுத்தும்.

பிறகு மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். “பாசமா இருங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா சோத்தையும் ரொட்டியையும் தின்னு அவ வயிறு புளிச்சுக் கெடக்கு. உடம்பு பூரா கொழுப்பு. இந்த மாதிரி மாடு பருவத்துக்கு வரும், கத்தும், எல்லாம் செய்யும். கரு மட்டும் தங்காது. தாது உப்பு போடுறீங்களா?”

“வாங்கி வெச்சிருக்கேன்,” என்றார் கண்டக்டர். பரணில் பிரிக்காத டப்பா இருந்தது. கறவை மாட்டுக்குத்தானே உப்பு, பால் வற்றியவளுக்கு எதற்கு என்று எடுத்து வைத்துவிட்டாராம்.

“மூணு மாசம் குடுங்க எனக்கு,” என்றேன். “வியாபாரியை நிறுத்தி வைங்க.”

அவர் அட்டையின் மூலையில் தேதியைக் குறித்தார். “மூணு மாசம். அதுக்கப்புறம் ஒரே ஒரு ஊசி. அதுவும் நிக்கலைன்னா நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்.”

ஒரேயடியாகத் தீனியைக் குறைத்தாலும் ஆபத்து. அதனால் சோறும் ரொட்டியும் சிறுகச் சிறுக நின்றன. தீவனம் பாதியானது, பசும்புல்லும் வைக்கோலும் ஏறின. காலையில் ஒரு கரண்டி தாது உப்பு. அட்டையில் இப்போது மூன்று பேருக்கும் தனித்தனிக் கட்டம், எனக்கும் ஒன்று. நடுவில் இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவையாக நாலு தடவை செவலை பருவத்துக்கு வந்து கத்தினாள். கண்டக்டர் போன் போட்டார்.

“வந்து போடுங்க.”

“போட மாட்டேன்.”

“மாடு கத்துது, நீங்க போட மாட்டேங்கறீங்க. இது என்ன நியாயம்?”

“உடம்பு தயாராகலை. வெச்சிடுங்க போனை.”

வைத்துவிட்டேனே தவிர, அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை என் கணக்கே தப்பாக இருந்தால்? ஒருவேளை நிஜமாகவே என் கைதான் சரியில்லையோ? பதினெட்டு வருஷத்தில் அந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் தடவினால் விலா எலும்பு விரலுக்கு லேசாகத் தட்டுப்பட்டது. சாணம் கெட்டியாக விழுந்தது. அடுத்த பருவத்தில் ஊசி போட்டேன். ஒரே ஒரு குச்சி, வெல்லம் இல்லாமல். செவலை என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். இருபத்தோராம் நாள் கத்தவில்லை. நாற்பத்திரண்டாம் நாளும் கத்தவில்லை. அக்கா போனில் அழுதார். “கத்தாததை வெச்சு முடிவு சொல்ல முடியாது, கை வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்,” என்று நான் அதட்டினேன்.

எழுபதாம் நாள் காலையில் போனால், வாசலில் வியாபாரியின் வண்டி நிற்கிறது.

“இன்னைக்குச் சினை இல்லைன்னா இன்னைக்கே ஏத்தி அனுப்பிடுவேன்,” என்றார் கண்டக்டர். வேட்டி மடிப்புக் கலையவில்லை, முகத்தில்தான் ரத்தமே இல்லை.

உறையை மாட்டிக் கையை உள்ளே விட்டேன். செவலை முக்கினாள், என் மணிக்கட்டை நெரித்துவிட்டாள். விரல் மரத்துப்போனது, ஒன்றும் பிடிபடவில்லை. காத்திருந்தேன். மெதுவாகத் தளர்ந்தாள். கருப்பையைத் தேடிப் பிடித்தேன். இடப்பக்கம் மெலிசாக, எப்போதும் போல. வலப்பக்கம் அப்படி இல்லை. புடைத்து, தண்ணீர் கட்டி, விரல் பட்டதும் உள்ளே தளும்பியது. இன்னொரு தடவை தொட்டேன். சந்தேகம் தீர மூன்றாம் தடவையும் தொட்டேன். தப்பே இல்லை.

“நின்னிருக்கு,” என்றேன். குரல் என் குரலாக இல்லை. “சினைதான். வலது பக்கம்.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து வியாபாரி, “அப்போ நான் வந்தது வீணா?” என்று கேட்டான்.

“வீண்தான்,” என்றார் கண்டக்டர். “டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

கையை வெளியே எடுத்தேன். பெரிய பாரம் இறங்கிவிட்டது, அழுகையும் வந்தது. நல்லவேளை, முகமெல்லாம் வியர்வை, யாருக்கும் தெரிந்திருக்காது. கை கழுவ வாளியைத் தேடினேன். கண்டக்டர் அதை எனக்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், வெந்நீர் விளாவி. ஒரு செம்பு மொண்டு என் கையில் ஊற்றினார்.

“அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார்.

“வெச்சுக்குவேன்,” என்றேன். “தண்ணியை ஊத்துங்க.”

ஊற்றினார். தோள்பட்டை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் செம்பு செம்பாக மொண்டு, வாளி காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். நானும் கையை நீட்டியபடியே நின்றேன்.