எத்தனை செய்திருக்கிறீர்கள்?

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரும்புக் கயிறு மாற்ற யார் வந்தாலும், "இதுவரைக்கும் எத்தனை மாத்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏற விடுவார். "வருஷத்துக்கு ரெண்டு பண்றவன் நல்லவனாவே இருக்கலாம். கை பழகியிருக்காதே" என்பார்.

அவர் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வெடிப்பதற்குள் வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் வைக்க வேண்டும்; ஒரு மாத அவகாசம் உண்டு என்றார் டாக்டர். பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது.

"இங்கேயே பண்ணிடலாம். எதுக்கு அலையறீங்க?" என்றார் டாக்டர்.

என் கணவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "டாக்டர், நீங்க இதுவரைக்கும்..."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். படித்த மனிதரிடம் இப்படியா கேட்பது? அவர் என்னைப் பார்த்துவிட்டு, "...சாப்பாட்டை எப்போ நிறுத்தணும்?" என்று முடித்தார்.

வெளியே வந்ததும், "சுண்டுவிரல் போச்சுடி" என்றார்.

"கேட்டா கோவிச்சுக்குவார்."

"கோவிச்சா என்ன, அவர்கிட்டயா பொண்ணு எடுக்கப்போறேன்? திரும்பப் போய்க் கேக்கவா?"

வேண்டாம் என்றேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றது. ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் முன்னால் நின்று, அவர் கேட்க வந்ததை நான் கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா சர்ஜரி பண்றேம்மா."

"இந்த ஆபரேஷன்?"

பேனா மூடியைத் திருகினார். "இந்த வருஷம், உங்க வீட்டுக்காரரோட சேர்த்து ரெண்டு."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில?"

"வாரத்துக்கே மூணு, நாலு நடக்கும். அங்கயும் சாகறாங்கம்மா."

"இங்கயவிடக் கம்மியாவா?"

"கம்மிதான்" என்று பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

காய்கறிக் கடைக்காரன்கூட அழுகிய தக்காளியை யாரும் கேட்காமலே ஒதுக்கி வைக்கிறான்.

வெளியே பெஞ்சில் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணின் மடியில் ஸ்கேன் கவர்.

"ஆபரேஷனா?" என்றேன்.

"இவருக்குங்க."

"இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கார்னு கேளுங்க."

"அதானே" என்று நிமிர்ந்தார் அவள் கணவர். அவள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "டாக்டர்கிட்ட எப்படிங்க அதெல்லாம் கேக்கறது?"

நர்ஸ் அவர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் எழுந்திருக்கும் முன்பே கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போனேன்.