ஒளித்து வைத்த எரிபொருள்

அன்ஸ்காரோடு ஒரே அறையில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். எங்கள் வேலை ஒன்றே ஒன்று, ஆளுக்குப் பாதி. ஒரு தொலைநோக்கிக் கலத்தை எந்த நாளில், எந்த நிமிடத்தில் ஏவினால் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது. சேர வேண்டிய இடம் பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சுழற்சியோடு ஈடாகி நிற்கும் ஒரு புள்ளி. அங்கே மண்ணும் இல்லை, கல்லும் இல்லை. அந்த வெறும் இடத்துக்காக இந்த மனுஷன் எத்தனையோ விடுமுறைகளைத் தொலைத்தான்.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டட் நகரத்து எங்கள் விண்வெளி மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கில் தப்பு பிடிபட்டால், செய்தவர் மறுநாள் தன் கையால் கேக் சுட்டுக் கொண்டுவர வேண்டும். இதுவரை நான் முப்பத்தொன்று சுட்டிருக்கிறேன். அவன் நான்கே நான்கு. அந்தக் கர்வத்தைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

மார்ச்சில் தலையில் இடி விழுந்தது. தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்கு, ஏவத் தகுந்த நாட்கள் ஆறுதான் தேறின. ராக்கெட்காரர்கள் பத்து நாளாவது வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் ராக்கெட்டில் எங்கள் இடம் வேறொரு செயற்கைக்கோளுக்குப் போய்விடும், நாங்கள் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அன்ஸ்காருக்கோ நவம்பரில் ஓய்வு.

"விடு வீப்கே. வீட்ல உக்காந்து டிவியில பாத்துக்கறேன்" என்றான்.

மூன்று நாள் அவன் தாள்களைக் குடைந்தேன். நான்காம் நாள் அகப்பட்டது. ஏவிய மறுநாள் பாதையைத் திருத்துவதற்கென்று அவன் ஒதுக்கியிருந்த எரிபொருளில், தேவைக்கு மேல் கொஞ்சம் ஒளிந்திருந்தது.

"யோவ், என்ன இது?"

அவன் காது சிவந்தது. "அது... உன் கணக்குல எங்கயாவது பிசகு இருந்தா தாங்கணுமேன்னு வெச்சேன்."

"எனக்கு முட்டுக் குடுத்தியா? இத்தன வருஷம் நம்பாமயா இருந்த?"

"நம்பாம இல்லடி. உனக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னுதான்."

கிழி கிழியென்று கிழிக்க வாயைத் திறந்தேன். முடியவில்லை. ஏனென்றால் என் கணக்கிலும் அதே மாதிரி கொஞ்சம் ஒளிந்திருந்தது, அவன் பிசகினால் தாங்குவதற்கு. ஓய்வு பெறும் நேரத்தில் அவனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நான் எடுத்து வைத்தது. மென்று விழுங்கி அதைச் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்றான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒளித்து வைத்த இரண்டையும் பயணத்துக்கே செலவிடலாம் என்றால் பதினோரு நாள் கிடைத்தது. ஆனால் இனி முட்டுக் கிடையாது. இருவரில் ஒருவர் பிசகினாலும் கலம் அந்தப் புள்ளியைத் தவறவிட்டுச் சூரியனைச் சுற்றி அநாதையாக அலையும். மறுநாள் இரண்டு கேக்குகளுக்கு நடுவே எங்கள் தலைவி இல்கா இரண்டு தாள்களையும் போட்டாள்.

"அவங்கவங்க கணக்குக்கு அவங்கவங்க கையெழுத்துப் போட்டா எனக்குப் போதாது. இவரு கணக்குக்கு நீ போடு, உன் கணக்குக்கு அவரு போடட்டும். தைரியம் இருக்கா?"

அன்ஸ்கார் என் தாளை இழுத்து, பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

"படிச்சுட்டுப் போடுய்யா!"

"நாலு தடவ படிச்சாச்சு, உனக்குத் தெரியாம."

நானும் அவன் தாளில் போட்டேன்.

செப்டம்பரில் ஏவினார்கள். மறுநாள் மதியம் பாதைத் திருத்தம். கலத்தின் என்ஜின் நாற்பது நிமிடம் எரிந்தது. பிறகு திரையில் எண் வந்தது. ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை, கலம் சரியான வழியில் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தை வைத்தே இன்னும் ஆறு வருடம் ஓட்டலாம் என்று இல்கா கத்தினாள்.

கட்டுப்பாட்டுக் கூடமே எழுந்து கை தட்டியது. அவன் தட்டவில்லை. என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தான்.

"நவம்பருக்கு அப்பறம் உன் கணக்க யாரு சந்தேகப்படுவா?"

"ஒருத்தரும் இல்ல" என்றேன். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.