விலை தெரியாதவள்

நாகரத்தினத்துக்கு முழங்கால் ரெண்டும் போய் வெகு காலமாகிறது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. பிழைப்போ நடக்கிற பிழைப்பு. விடியுமுன் பூம்புகார் கரையில் ஏலத்துக்கு நின்று மீன் எடுக்கணும், ஐஸை உடைத்துப் போடணும், அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வயக்காட்டு ஊர்களுக்குள் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போகணும். பொழுது சாய்வதற்குள் விற்காத மீனைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடணும், இல்லாவிட்டால் பூனைக்குத்தான். இதில் லீவு என்று ஒன்று உண்டா? காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு நடக்க வேண்டியதுதான்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒரு ஃப்ரீசர் பெட்டி. வாசலில் பெட்டியை வைத்து, மீனை அதில் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விற்கணும். இன்றைக்கு விற்கவில்லையா, நாளைக்கு விற்கட்டும். மாடி வீடு கேட்டாளா, வைர மூக்குத்தி கேட்டாளா? உட்கார்ந்து பிழைக்க ஒரு வழி கேட்டாள், அவ்வளவுதான்.

ஆசையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் வளவன் எங்கேயாவது வட்டிக்கு வாங்கிவிடுவான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவனுக்கு அது வேறு தலையில் ஏறணுமா? சீர்காழிக்குப் போகும்போது மட்டும் தனியாகக் கடை ஏறி விலை விசாரித்துவிட்டு வருவாள். மூணு கடையில் விசாரித்தாயிற்று. இருபத்தோராயிரத்துக்குக் கீழே எவனும் இறங்கவில்லை. கவிச்சி வாடையோடு உள்ளே வந்தவளைக் கடைப்பையன்கள் ஏற இறங்கப் பார்த்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் மருமகள் அபிநயா ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிற பெண்.

"அத்தை, இங்க பாருங்களேன்! மீன் வைக்கிற ஃப்ரீசர். ஆஃபர்ல போட்டிருக்கான். ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு ரூபாதான். உங்க காலுக்கு இது இருந்தா எவ்ளோ நல்லது!"

நாகரத்தினம் எட்டிப் பார்த்தாள். சீர்காழியில் தடவிப் பார்த்துவிட்டு வந்த அதே பெட்டி, அதே நீல மூடி. ஆஃபராவது கத்தரிக்காயாவது. எவனோ வேலை நேரத்தில் தூங்கி ஒரு சைபரை முழுங்கித் தொலைத்திருக்கிறான். பார்த்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கரையில் அதுதான் வழக்கம். ஆயிரத்து எண்ணூறுக்குப் போகவேண்டிய கூடையை ஏலம் கூறுகிறவன் வாய் தவறி எண்ணூறுக்கு முடித்துவிட்டான் என்றால் முடித்ததுதான். எடுத்தவள் எடுத்தவள்தான். மீதியை ஏலக்காரன் தன் கைக்காசிலிருந்து படகுக்காரனுக்குக் கட்டணும். நாகரத்தினத்தின் வீட்டுக்காரர் உத்திராபதியே ஏலம் கூறுகிறவர்தான். அவரும் ஒரு தடவை அப்படி வாய் தவறி, கட்டி முடிக்கிறவரை வீட்டில் கஞ்சியும் கருவாடுமாக ஓடியது. மாற்றிச் சொல்லலாமா என்று அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அப்படியா? சரி, போடு" என்றாள் நாகரத்தினம், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. மருமகளும் தெரிந்துகொண்டுதான் ஆஃபர், ஆஃபர் என்று சாமர்த்தியமாகப் பேசுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். நம்ம வீட்டுக்கு வந்தவளுக்கு நம்ம புத்தி வந்துவிட்டது!

பணம் கட்டியாயிற்று. ஆர்டர் உறுதி என்று செய்தியும் வந்தது. வியாழக்கிழமை பெட்டி வரும் என்றார்கள். நாகரத்தினம் வாசலைக் கூட்டிப் பெருக்கி, பிளக் பாயிண்டுக்கு ஆள் வைத்து ஒயர் இழுத்து, ஸ்டூல்கூட வாங்கிவிட்டாள். கூடைக்கு வாடிக்கையான வீடுகளில், "இனிமே நான் வரமாட்டேன், நீங்கதான் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லும்போதே அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

வியாழக்கிழமை பெட்டி வரவில்லை. செய்தி வந்தது. விலையில் பிழை ஏற்பட்டதால் ஆர்டர் ரத்து, கட்டிய பணம் திரும்ப வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம். அபிநயா ஃபோன் போட்டால் ஒரு பெண் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தாள், பிறகு இன்னொரு பெண் முந்நூறு ரூபாய்க்குக் கூப்பன் தருகிறேன் என்றாள். வாடிக்கை வீடுகளில் மறுநாள், "என்ன நாகரத்தினம், வரமாட்டேன்னியே?" என்று சிரித்தார்கள். சிரிப்பை வாங்கிக்கொண்டு மீனை அளந்து போட்டாள்.

உத்திராபதிக்குத்தான் வந்ததே கோபம். "வாயில வந்த வெல வந்ததுதான். நான் கட்டலியா? கம்பெனிக்காரன்னா அவனுக்கு என்ன ரெண்டு கொம்பா? போடு கேசு!" என்று குதித்தார். குதித்துவிட்டு அவர் கரைக்குப் போய்விட்டார். அலைந்தது இவர்கள் ரெண்டு பேரும்தான்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு வக்கீல் வேண்டியதில்லை என்று அபிநயாவே மனு அடித்தாள். "சலுகை விலை என்று முழுமையாக நம்பி" என்று அதில் ஒரு வரி. படித்துக் காட்டியபோது நாகரத்தினத்துக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. கேசு என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று கையெழுத்தைப் போட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது வாய்தா. ரெண்டு பஸ் மாறிப் போகணும், மரத்தடியில் நிற்கணும், பேரைக் கூப்பிட்டால் உள்ளே போகணும். எதிர்த்தரப்பு வரவில்லை, அடுத்த மாதம் வா. வந்தார்கள், பதில் தாக்கல் செய்யவில்லை, அடுத்த மாதம் வா. போகிற ஒவ்வொரு நாளும் வியாபாரம் படுத்தது. கூப்பனையே வாங்கித் தொலைத்திருக்கலாம் என்று நாகரத்தினம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் நினைத்தாள். அந்தக் கோர்ட்டை மாடியில் வைத்தவன் யாரோ, அவன் முழங்கால் நல்லா இருக்கட்டும்!

ஒருவழியாக விசாரணை வந்தது. தலைவராக உட்கார்ந்திருந்தது ஒரு அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கம்பெனி வக்கீல் இளவட்டம், இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள்.

"இது சாதாரண விலைப் பிழைங்க மேடம்" என்று அவர் ஆரம்பித்தார். "இருபத்தோராயிரம் ரூபாய்ப் பொருள் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்காதுன்னு யாருக்கும் தெரியும். தெரிஞ்சே ஆர்டர் போட்டுட்டு உரிமைன்னு கேட்கிறது நியாயமில்ல."

அபிநயா எழுந்தாள். "தெரிஞ்சவங்களுக்குத்தாங்க அது. எங்க அத்தைக்கு ஒன்னும் தெரியாதும்மா. கூடை தூக்கி மீன் விக்கிறவங்க. படிக்காதவங்க. ஃபோன்ல என்ன போட்டிருந்தாலும் அப்படியே நம்பிடுவாங்க. இவங்க ஃப்ரீசரை எங்க கண்டாங்க, அதோட வெலையை எங்க கண்டாங்க? கம்பெனி சொன்னதை நம்பினாங்க, பணம் கட்டினாங்க, வாசல்ல இடம் ஒதுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. நம்பினது அவங்க தப்பா?"

தலைவரம்மா நாகரத்தினத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தைப் பார்த்து நாகரத்தினத்துக்குக் காது மடல் சுட்டது.

"பாவம்" என்றார் தலைவரம்மா. வக்கீல் பக்கம் திரும்பினார். "ஏன் சார், விவரம் தெரியாம நம்பின ஒரு அம்மாவுக்கு இந்த ஒரு பெட்டியைக் கொடுத்தா உங்க கம்பெனி முழுகிப் போயிடுமா? கேட்டுட்டுத்தான் வாங்களேன்."

வக்கீல் வெளியே போய் ஃபோனில் பேசிவிட்டு வந்தார். முகத்தில் பெருந்தன்மை. "கம்பெனி மனிதாபிமான அடிப்படையில அதே விலைக்குக் கொடுக்கச் சம்மதிக்குது மேடம். ஒன்னே ஒன்னு. இதையே காட்டி நாளைக்கு இன்னொருத்தர் வரக் கூடாது. அதனால, விலை விவரம் தெரியாம நம்பித்தான் வாங்கினேன்னு அம்மா தன் வாயால சொல்லி அது பதிவாகட்டும். அடுத்த வாரம் பெட்டி வீட்டுக்கு வந்துடும்."

அபிநயா அத்தையின் கையைப் பிடித்து அமுக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்க அத்தை. ஆமாம்னு சொல்லுங்க போதும்."

நாகரத்தினம் எழுந்து நின்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் எழுந்தாள், சத்தியமாக. நீல மூடிப் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கால்களுக்கு விடுதலை.

"சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார் வக்கீல், சின்னப் பிள்ளையிடம் சொல்கிற குரலில். "உங்களுக்கு வெலவாசியெல்லாம் தெரியாது, அப்படித்தானே?"

"எனக்கா?" என்றாள் நாகரத்தினம்.

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஏலத்தில் நாலு பேரை ஒதுக்கித் தள்ளுகிற குரல் அது, கோர்ட்டுக்குள் வந்திருக்கக் கூடாது.

"எனக்கா வெல தெரியாது? கூடையில கெடக்கிற மீனைத் தொடாம, தூக்காம, நின்ன எடத்துலேர்ந்து பாத்து இன்ன வெலைக்குப் போகும்னு சொல்றவ நான். வேணும்னா கரையில வந்து கேட்டுப் பாருங்க. இந்தப் பெட்டிக்கு சீர்காழியில மூணு கடை ஏறி விசாரிச்சிருக்கேன். இருபத்தோராயிரத்துக்குக் கொறஞ்சு கெடையாது. ஃபோன்ல பாத்ததுமே தெரியும்யா, எவனோ சைபரை விட்டுட்டான்னு. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"அத்தை!" என்றாள் அபிநயா.

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தப்புன்னு தெரிஞ்சே வாங்கினீங்களா? அது சரியாம்மா?"

"எங்க கரையில அதுதாம்மா சரி. வாய் தவறினவன் கட்டணும். நான் வாய் தவறிக் கூடுதலா வெல கேட்டு எடுத்துட்டேன்னு வைங்க, ஐயோ பாவம்னு எவன் திருப்பித் தர்றான்? எனக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா?"

தலைவரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்ன குரலில் இரக்கம் இல்லை, மரியாதை இருந்தது. "உங்க கரையில அப்படி இருக்கலாம்மா. இங்க, தப்பான விலைன்னு தெரிஞ்சே வாங்கினவங்களுக்குப் பெட்டியக் கொடுன்னு நான் உத்தரவு போட முடியாது. கடைசி நாள் வரைக்கும் சொல்லாம காக்க வச்சாங்க இல்ல, அதுக்கு ஏதாச்சும் கொடுக்கச் சொல்றேன். தபால்ல வரும்."

வக்கீல் கேஸ் கட்டை மடக்கினார். மனிதாபிமானமும் அதோடு மடங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அபிநயா உட்கார்ந்தாள். நடவு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாகரத்தினம் முழங்காலை மடக்க இடமில்லாமல் கோணலாக உட்கார்ந்திருந்தாள். சூடு தணிந்து போயிருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே! அந்த மாடி அறையில் யார் கேட்கப் போகிறார்கள்? கரையில் எவனுக்குத் தெரியப் போகிறது? ஒரு வீம்பு, ஒரே ஒரு வீம்பு, மிச்ச ஆயுசுக்கும் கூடை தூக்க வைத்துவிட்டதே.

"கோவமா இருக்கியா?" என்றாள்.

அபிநயா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"உன்மேல தப்பில்லம்மா. நீ எனக்காகத்தான் பொய் சொன்ன. நல்லாத்தான் சொன்ன, அந்த அம்மாவே நம்பிட்டாங்க. எனக்குத்தான் நாக்கு எழும்பல. என் வாயாலயே என்னை ஒன்னும் தெரியாதவன்னு சொல்லிக்கறது..."

"நான் பொய் சொல்லல அத்தை."

நாகரத்தினம் திரும்பிப் பார்த்தாள். அபிநயாவின் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. எனக்கே அது ஆஃபர் இல்லன்னு கம்பெனி ரத்து பண்ணப்பதான் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு சத்தியமா நான் நெனைக்கல அத்தை. உங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னுதான் இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். பெட்டி போனதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. வக்கீல் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகிறான், அவன் யாரோ. ஒரே பானையில் சோறு தின்கிறவள், தினமும் இவள் கூடையை இறக்கிவைக்கிறவள், இவளைப் பற்றி நினைத்தது இதுதான்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரிஞ்சுது அத்தை."

"ஒரு பெட்டி வெலடி அதுக்கு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாகரத்தினம் முழங்காலை அமுக்கிவிட ஆரம்பித்தாள்.