நூற்றிப் பத்திலிருந்து நூற்றி முப்பது வரை

“இப்ப என்ன படிக்கிறே, சொல்லு.”

அக்காவிடம் கேட்கவே கூடாது என்று மூன்று வருஷமாக அம்மா சொல்லி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். ‘அவ வீட்ல போய் அந்தப் பேச்சை எடுக்காதே, ஆறின புண்ணைக் கிளறாதே’ என்பாள் அம்மா. ஆறினால்தானே?

அக்கா ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, யாருடைய பத்திரத்தையோ திருப்பி வைத்தாள். கடை அவள் புருஷனுடையது. உழைப்பு இவளுடையது.

“படிக்க எங்கடி நேரம்?”

இவளா இப்படிப் பேசுகிறாள்! சின்ன வயதில் அப்பா எங்கிருந்தோ அட்டை இல்லாத தடிமனான நாவல் ஒன்றைக் கொண்டுவந்தார். யார் முதலில் படிப்பது என்று எங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. இவள்தான் பிளேடை எடுத்துப் புத்தகத்தை இரண்டாக அறுத்தாள். முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு. மாடிப்படியில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து படித்தோம். என் பாதியில் டாக்டர் ஒருவர் செத்துப்போனார். நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

“அந்தப் பொறுக்கிக்காடி அழறே? கட்டினவளைத் தெருவுல விட்டவன்டி அவன்!”

“தங்கமான மனுஷன்டி. உனக்கென்ன தெரியும்?”

ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் பாதிகளை மாற்றிக்கொண்டோம். மறுநாள் அவள் டாக்டருக்காகத் தேம்பினாள், நான் அவனைக் கண்டபடி திட்டினேன். மறுபடியும் சண்டை, கட்சி மட்டும் மாறிவிட்டது. அப்படிச் சண்டை போட இன்றுவரை எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது என்று வீட்டில் சொன்னபோது படிப்பை விட்டு நின்றவள் அவள். பட்டம் எனக்கு, மெஷின் அவளுக்கு.

மாமா உள்ளே வந்தார். “பட்டதாரியம்மா வந்தாச்சா? உங்கக்கா மட்டும் லேசுப்பட்டவளா? வர்றவன் கொண்டுவர்ற தாளையெல்லாம் படிச்சுட்டுத்தான் திருப்பிக் குடுப்பா. நேத்துகூட ஒருத்தன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா.”

அக்காவின் முகம் சுருங்கியது. நான் பக்கத்தில் போனேன். “நேத்து என்ன படிச்சே?”

அவள் குரல் தாழ்ந்தது. மாடிப்படிக் குரல். “ஒரு நாவல்டி. நூத்திப் பத்துல இருந்து நூத்தி முப்பது வரைக்கும்தான் எடுத்தாங்க. ஒருத்தி பெட்டிகூட இல்லாம ரயிலேறிட்டா. ஏன் ஏறினா, எங்க இறங்குவா, ஒண்ணும் தெரியல. அதே நெனப்பா இருக்கு.”

“புத்தகம் பேரு?”

“நடுப்பக்கத்துல பேரு எங்க இருக்கும்? இப்படி நாப்பது புத்தகத்தோட வயித்தைப் படிச்சிருக்கேன். ஒண்ணுக்கும் தலையுமில்ல, காலுமில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த நூலக உறுப்பினர் ஃபாரத்தை மெஷின்மேல் வைத்தேன்.

“கையெழுத்துப் போடு. அடையாள அட்டையை ரெண்டு பக்கமும் காப்பி எடு.”

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?” என்றார் மாமா.

“ஃபாரத்துல புருஷன் கையெழுத்துக்கு இடமே இல்ல மாமா.”

“இவ புத்தகமும் கையுமா உக்காந்தா கடையை யாரு பாக்கறது?”

“நீங்கதான். கடை உங்களோடதுதானே?”

“எதுக்குடி வீண் வம்பு?” என்றாள் அக்கா. வாய்தான் சொன்னது. கை அதற்குள் கையெழுத்துப் போட்டு, அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்திருந்தது.

நூலகத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ஃபாரத்தையும் சூடு ஆறாத தாளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மாமா கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.