அதே போல்ட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, ஆளைப் பிடித்துவிட்டோம் என்று சிரிக்க வேண்டாம். இது என் வீட்டில் நடந்தது. இதில் வரும் கடைசல்காரர் நான்தான். ஆனாலும் 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் பேனா தானாக நல்லவன் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்தவனைப் பற்றி எழுதும்போதுதான் மனுஷனுக்கு உண்மை வரும்.

இதில் ஒரு விஷயம் என் மனைவிக்கு இன்னும் தெரியாது. நான் எழுதுவது எதையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதினாலும் படிப்பாள். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் "உப்பு எங்கே?" என்றுதான் வந்தது.

2

மாலை வெயில் பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியில்—

இந்த வரியை அடித்துவிட்டேன். பில்லியர்ட்ஸ் ஆடும் அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது.

குச்சிக்கும் உயிர் உண்டு, அந்த உயிர்—

இதுவும் வேண்டாம். குச்சிக்கு ஏது உயிர்.

கடைசல்காரர் பில்லியர்ட்ஸ் குச்சிகளைச் சீர் செய்பவர். ஆடமாட்டார். ஆடுவது மனைவி. குச்சியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு இரும்பு போல்ட். கனமான போல்ட்டைப் போட்டால் பாரம் பின்னுக்கு வரும், லேசானதைப் போட்டால் முன்னுக்குப் போகும். குச்சியைப் படுக்கையாக ஒற்றை விரலில் தாங்கினால், ஓரிடத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அங்கே பென்சிலால் ஒரு கோடு. மனைவியின் குச்சியில் பதினோரு வருஷமாக அந்தக் கோடு அடியிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது.

ஒருநாள் காலையில் அவள் குச்சியைக் கடைசல் மேசைமேல் வைத்தாள்.

"என்னங்க, பின்னால கனக்குது. அடிக்கப் போறப்ப முனை மேல தூக்குது."

அவர் விரலில் வைத்துப் பார்த்தார். கோட்டிலேயே நின்றது.

"சரியாத்தானே நிக்குது."

"உங்க விரல்ல நிக்குது. என் கையில நிக்கலையே."

அரை அவுன்ஸ் குறைவான போல்ட்டைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் ஆடிவிட்டு வந்து, "பரவாயில்லை. ஆனா இன்னும் தூக்குது" என்றாள்.

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் முரண்டு பிடிப்பவளாகக் காட்டலாமா என்று நினைத்தேன். கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பொய்.)

3

கடைசல்காரருக்கு ஆட்களிடம் நம்பிக்கை இல்லை. தராசிடம் உண்டு. 'எல்லாம் மனசுதான்' என்று முடிவுகட்டினார். அவள் அடுக்களையில் இருந்தபோது மூடியைக் கழற்றினார், போல்ட்டை வெளியே எடுத்தார், துடைத்தார், அதே போல்ட்டைத் திரும்பப் போட்டு முறுக்கினார்.

"இப்ப பாரு."

அவள் வெறுங்காற்றில் நாலு வீச்சு வீசினாள். "ஆங்! இப்பதான் உங்க கை பட்டிருக்கு."

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு அறையத் தோன்றுகிறது. யாரை அறைவது?)

அந்த வாரம் போட்டியின் முதல் ஆட்டத்தில் அவள் தோற்றாள். இன்னொன்று தோற்றால் வெளியே. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே சொன்னாள்:

"நாளைக்குக் குச்சியை எதிர்க் கடையில குடுக்கப் போறேன்."

எதிர்க் கடைக்காரன் கடைசல்காரரிடமே வேலை பழகியவன். குச்சி அங்கே போனால், ஊரே 'கட்டினவளே நம்பல' என்று சொல்லும். சொல்லட்டும், ஊர் கிடக்கிறது. கட்டினவளே நம்பவில்லை என்பதுதான் அவருக்கும் வலித்தது.

4

மறுநாள் அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கொடுக்கும் சாக்கில் போய்க் கெஞ்சலாம் என்று அவர் புறப்பட்டார். அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.*

* ஆட்டத்தைப் பார்த்தால், அடி தவறும்போதெல்லாம் குச்சியைத்தான் குறை சொல்கிறார்கள் என்று தோன்றும். அதனால் போவதில்லை. இது பெருமை இல்லை, பயம்.

உள்ளே போனவர் நின்றுவிட்டார். குச்சியின் அடியில், பிடிக்கும் இடத்தில், கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிய பட்டை.

"இது என்னது?"

அவள் திருதிருவென்று விழித்தாள். புள்ளி எழுதுகிறவர் மூலையிலிருந்து, "ரெண்டு மாசமா சுத்தித்தான் ஆடுறாங்க. உங்களுக்குத் தெரியாதா? நல்ல குடும்பம்!" என்றார்.

"கடைக்கு வரும்போது இது இல்லையே?"

"அவுத்துத் துடைச்சுத்தான் கொண்டாருவேன். டாக்டர்கிட்ட அழுக்கோடயா போறது?"

"நோயையே வீட்டுல கழட்டி வச்சிட்டுப் போனா டாக்டர் எதைப் பாப்பான்?"

அவள் வலது கையை நீட்டினாள். மோதிர விரல் கணு வீங்கியிருந்தது. "பிடி நழுவுது. சொன்னா, ஆட்டமே வேண்டாம், வீட்டுல கிடன்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பார். அதனால் டியூபையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தார்.

டியூபைத் தராசில் போட்டார். முப்பத்தைந்து கிராம். இத்தனை நாளும் வேறொரு குச்சிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்! லேசான அலுமினிய போல்ட் ஒன்றைக் கடைந்து போட்டு, டியூபைச் சுற்றி, விரலில் வைத்தார். பழைய கோட்டிலேயே நின்றது. கூடத்துக்குத் திரும்பியதும் அவள் பத்து அடி அடித்தாள். முனை தூக்கவில்லை. எதிர்க் கடைப் பேச்சையும் அவள் எடுக்கவில்லை.

5

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அடுத்த ஆட்டத்தில் அவள் ஜெயிக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் போல்ட் விஷயத்தை நான் சொல்ல, அவள் சிரிக்கிறாள். சினிமா. இன்னொன்றில், படித்துவிட்டுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்கு நடக்கிறாள். அதில் பாதியில் எனக்குப் பேனா ஓடவில்லை.

அவள் தன் டியூபை ஒளித்தாள். அது எனக்குத் தெரிந்துபோனது. நான் என் போல்ட்டை ஒளித்தேன். கணக்கு இன்னும் என் பக்கம்தான் சாய்ந்து நிற்கிறது.

இன்று சனிக்கிழமை. பக்கத்து அறையில் அவள் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகுகிறாள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது.

"என்னங்க, அப்படி என்ன எழுதுறீங்க? முடிச்சிட்டுக் குடுங்க, படிக்கிறேன்."

மூன்றாம் பகுதியை வேண்டுமென்றே தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதையும், நான் உளறியிருக்கும் முதல், கடைசித் தாள்களையும் உருவிவிட்டாலும் கதை ஓடும், சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் விரலில் நிற்காது.

தாள்களை உங்களிடம் தருகிறேன். நடுவில் இருப்பதை வைப்பதா, எடுப்பதா, நீங்களே பார்த்து அவளிடம் கொடுங்கள். உங்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் நான் எழுந்து போனால், உப்பு எங்கே என்றுதான் கேட்பேன்.