பதினாறுக்கு முன்னால் கேட்ட கட்டில்

கேட்டு வாங்குவதில் ஜெகதீஷை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சங்கத்துக்கு அரிசி வேண்டுமா, ஓசியில் வேன் வேண்டுமா, அவரை அனுப்பினால் போதும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கச் சொன்னால் மட்டும் மனிதர் பம்முவார்.

சேக்காட்டில் ஜெகதீஷும் நண்பர்களும் நடத்தும் ‘தோள்கொடுப்போம்’ சங்கம், படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கட்டில் கொடுத்து உதவுகிறது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், ஆஸ்பத்திரிக் கட்டில். வாடகை கிடையாது. தேவை முடிந்ததும் திருப்பித் தந்தால் சரி. அந்தத் தேவை பெரும்பாலும் எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால், பதினாறாம் நாள் காரியம் ஆகும்வரை துக்க வீட்டில் கட்டில் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. விதியைப் போட்டவரும் ஜெகதீஷ்தான்.

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்து, கடைசியில் சங்கத்துக் கட்டிலில் கிடந்த வேம்புலி இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பூந்தமல்லியில் பஷீருதீன் என்பவருக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து சில நாளாகி, இன்று மாலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தரையில் படுத்தால் அவரால் எழ முடியாது. தூக்கிவிடவும் மனைவி அஷ்ரஃபுன்னிசாவைத் தவிர ஆளில்லை. சங்கத்தில் வேறு கட்டிலும் இல்லை.

வேனைத் தெருமுனையில் மறைத்து நிறுத்திவிட்டு ஜெகதீஷ் போனார். வேம்புலியின் மனைவி கண்ணம்மா டீ கொடுத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினார், தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார். கட்டில் எதிரிலேயே கிடந்தது. விரிப்பைக்கூட அவள் எடுக்கவில்லை. தலையணையில் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. இதைக் கேட்டால் நாக்கு அழுகிப்போகும் என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அஷ்ரஃபுன்னிசாவுக்கு மெல்லப் பேச வராது. வீடு முழுக்கக் கேட்டது.

“அண்ணே, அவர ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. கட்டில் வந்துருமா? இல்லன்னா எங்க படுக்க வைப்பேன்?”

“பாக்கறேம்மா” என்று வைத்தார்.

“இதுக்குத்தான் வந்தியா சார்?” என்றாள் கண்ணம்மா.

“இல்லம்மா, பதினாறு ஆகட்டும். வேற எங்கயாவது பாத்துக்கறோம்.”

“கேக்கறதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டயா? இது வர்ற வரிக்கும் எங்க ஊட்டுக்காரரு தரையில கெடந்து கத்துன கத்து எனக்குத்தான் தெரியும். எட்த்துகினு போ.”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேம்மா.”

“கஷ்டமாத்தான் கீது. அதுக்குன்னு அந்தாளு கத்தணுமா?”

விரிப்பை உருவினாள். அழுக்குக் கூடையில் போடாமல், மடித்து பீரோவில் வைத்தாள். ஜெகதீஷ் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். “கைப்பிடி மக்கர் பண்ணும். புதுசா சுத்தறவங்களுக்கு வராது” என்று அவளும் வேனில் ஏறினாள்.

பூந்தமல்லியில் பஷீருதீனைக் கிடத்தி, கண்ணம்மா கைப்பிடியைச் சுற்றினாள். தலைப்பக்கம் உயர்ந்ததும் அவர் முனகல் அடங்கியது. அஷ்ரஃபுன்னிசா கண்ணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது உங்க வீட்ல யாருக்குக்கா வாங்குனது?”

“எங்க ஊட்டுக்காரருக்கு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

ஜெகதீஷுக்கு உயிரே போய்விட்டது. படுத்திருந்தவரும் தலையைத் திருப்பிக் கண்ணம்மாவையே பார்த்தார். பதினாறு ஆகாததால் அவள் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டும் இருந்தது.

“தேறிட்டாரும்மா” என்றாள் கண்ணம்மா. “எய்ந்து நடந்து, இப்ப ஆட்டோவே ஓட்டறாரு. நீங்களும் நடப்பீங்க பாய்.”

பஷீருதீன் முதல்முறையாகச் சிரித்தார். ஜெகதீஷால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

வேன் கிளம்பியதும் கண்ணம்மா உடைந்து அழுதாள். ஜெகதீஷும் அழுதார். கொஞ்ச தூரம் போனபின் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பொய் சொல்லிட்டேன் சார். ஆனா சொல்லிகினு இருக்கும்போது, அவரு நெஜமாவே ஆட்டோ எட்த்துகினு போனாரு. நா பாத்தேன்.”